சுல்தான் வாரிசு

— குதிரை விக்கிறதுக்கில்ல சின்னய்யா. வாசல்லயே சொல்லிட்டேன். உள்ள வந்து காப்பி குடிச்சிட்டும் அதையே கேக்குதிய.

— கேளுங்க பீவிம்மா, கோவப்படாதீங்க. ஐயா போனதுல இருந்து லாயத்தை நான்தானே பார்க்கணும்? நானே ஒரு ஜட்கா வண்டிக்காரர் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறேன்னா, விஷயம் எவ்வளவு பெரிசுன்னு புரிய வேண்டாமா?

— போன மாசமும் வந்து நின்னியளே. அப்பவும் பெரிய விஷயம்தான்.

— அது வேற. ரேசுக்கு ஆள் சேரல. நாலு குதிரையாவது ஓடலைன்னா கப்பு கிடையாதுன்னு கமிட்டியில சொல்லிட்டாங்க.

— ஏன் சேரல? எங்க வீட்டுக்காரர் ஒலி முகம்மது இருந்த காலத்துல, சாரல் விழுந்தாப் போதும், இலஞ்சியிலருந்து குத்தாலம் வரைக்கும் ரோடு நெறஞ்சு குதிரை ஓடும். புளியறைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்தான்கூட ஓட்டிட்டு வருவான். உங்க ஐயா பூனாவுலருந்து சுல்தான்னு ஒரு பொலிகுதிரையைக் கொண்டாந்தாரு. நயா பைசா வந்த வருசம் பத்து நின்னுச்சு. பொறவு ஆறு. போன வருசம் மூணு. மூணும் சுல்தானோட பொட்டப் பிள்ளைய, மூணும் உங்க லாயம். எது ஜெயிச்சா என்ன? சனங்க அவிச்ச கடலையைத் தின்னுட்டு அருவிக்குப் போயிட்டாங்க.

— உசந்த பிளட்டுன்னா அப்படித்தான் பீவிம்மா. மெட்ராசுல பெரிய பெரிய ரேசுலகூட அஞ்சாறு குதிரைதான் நிக்கும். அத்தனைக்கும் ஒரே தாத்தாவா இருக்கும். மத்தவங்களுக்குப் பயம் வரத்தானே செய்யும்?

— பயமில்ல சின்னய்யா. சலிப்பு.

— சரி, சலிப்புன்னே இருக்கட்டும். அதுக்குத்தான் உங்க குதிரையைச் சும்மா பேருக்கு ஓட விடுங்கன்னு கேட்டேன்.

— நானும் பேருக்குத்தான் விட்டேன். என் தம்பி மைதீன்கிட்ட, ‘ஏலே, மெதுவாப் போயிட்டு மெதுவா வா, சாயங்காலம் ஸ்டேசனுக்குச் சவாரி இருக்கு’ன்னு சொல்லித்தான் அனுப்பினேன். குதிரைகிட்ட யாரு சொல்லுதது? மொத ஆளா வந்து நின்னுட்டான்.

— கலெக்டர் முன்னாடி எம் மானமே போச்சு! வீட்டுக்கு வந்து தலையில துண்டைப் போட்டு உக்காந்துட்டேன். அப்புறம்தான் யோசிச்சேன். இவன் யாரு? எங்க சுல்தான் மகன். கால் கோணல்னு ஐயா கழிச்சுவிட்ட குட்டி. அப்ப ஜெயிச்சது யாரு? நாங்கதான்!

— அடேயப்பா! தோத்தும் ஜெயிச்சிட்டிய.

— சிரிக்காதீங்க பீவிம்மா. போன வெள்ளிக்கிழமை சுல்தான் வயித்துவலி வந்து செத்துப்போச்சு.

— கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. எங்க வண்டி உங்க கேட்டைத் தாண்டயில அது ஒரு கனைப்புக் கனைக்கும். இவன் இங்கனருந்து பதில் சொல்லுவான்.

— மெட்ராசுல விட்டிருந்த அதோட மகனுங்க ரெண்டும் நோய்ல போயிருச்சு. லாயத்துல இருக்கிறதெல்லாம் பெட்டை. சுல்தானுக்கு ஆண் வாரிசுன்னு இந்தப் பூமியில இவன் ஒருத்தன்தான். இவன் இல்லைன்னா எங்க ஐயா ஆயுசு பூரா கட்டின லாயமே இல்ல.

— இவன் இல்லன்னா எனக்கு அடுப்பே இல்ல. அவுக மவுத்தான நாள்லருந்து இந்தக் குடும்பத்தை இழுக்கது இவன் கோணக்காலுதான்.

— வண்டிக்கு வேற ரெண்டு குதிரை தாரேன். நீங்களே வந்து பொறுக்கிக்கோங்க. கப்பும் உங்ககிட்டயே இருக்கட்டும்.

— கப்பை நீங்க என்ன தர? அது நாங்க ஜெயிச்சது. வேற ஒண்ணு கேக்கேன். அடுத்த சாரல்லருந்து ரேசுல உங்க லாயத்துக்கு ஒரே ஒரு குதிரைதான். மத்த இடமெல்லாம் மத்தவங்களுக்கு.

— ஒண்ணே ஒண்ணா? கேளுங்க பீவிம்மா...

— முடியாதுன்னா விடுங்க. சவாரிக்கு நேரமாச்சு.

— சரி, சரி! குத்தாலநாதர் மேல சத்தியம். ஒண்ணுதான்.

— அப்பம் ஓட்டிட்டுப் போங்க. ஆனா எம் புள்ளை மாதிரி வளத்தவன். அங்கன கொண்டுபோயி என்ன செய்யப் போறிய? ஓட விடவா?

— ஓடவா? இனிமே இவன் ஒரு அடி ஓட வேண்டாம். புது மாப்பிள்ளை மாதிரி கொள்ளும் வெல்லமும் தின்னுட்டுக் கிடக்கட்டும். லாயத்துல ஆறு பெட்டை காத்துக்கிட்டிருக்கு.

— ஆறும் சுல்தான் பிள்ளையன்னா, அண்ணன் தங்கச்சியல்லா?

— குதிரையில அதெல்லாம் பாக்கிறதில்ல. அப்படிச் சேர்த்தாத்தான் பிளட் கெட்டியாகும். நாலு வருசம் பொறுங்க, லாயம் நெறைய குட்டி சுல்தானாத் துள்ளும்! என்ன, மறுபடியும் சிரிக்கிறீங்க?

— சின்னய்யா, நீங்க இவனைத் தூரத்துல நின்னுல்லா பாத்திருக்கிய. கொஞ்சம் பக்கத்துல போயி, குனிஞ்சு பாருங்க. சுல்தான் வித்து ஒண்ணுகூட வெளிய போயிரப்படாதுன்னு சொல்லி, காயடிச்சுத்தான் இவனை எங்ககிட்டக் குடுத்தாரு உங்க ஐயா.