ராக்கிக்கு வலது பக்கம்தான்

கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில், எனக்கு எதிரே வேலைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "எங்க ராக்கி கொஞ்ச நாள், நடக்கப் போகும்போது அடக்கிக்கிட்டு, திரும்பி வரும்போதுதான் ஒன்னுக்குப் போனான்."

நான் ஃபோனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"ஏன் அண்ணே?"

"பின்னங்கால்ல வலது கால எடுத்துட்டாங்கல்ல? முன்னங்கால்ல பாரத்தப் போட்டு, முதுக வளைச்சுத்தான் நடக்குறான். போகும்போது லைட் போஸ்ட் எல்லாம் இடது பக்கம். இருக்கிற ஒத்தப் பின்னங்காலத் தூக்கணும். முதல் நாள் தூக்கினான், குப்புற விழுந்தான் லா."

"எதிர்த் திசையில கூட்டிட்டுப் போயிருக்கலாமே. போஸ்ட் வலது பக்கம் வந்துருக்கும்."

"அந்தப் பக்கம் முதல் போஸ்ட், அடுத்த வீட்டு அங்கிள் கேட் முன்னாடி. கார் நிறுத்துற சண்டையில நாலு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல."

"அப்புறம்?"

"வேற வழி? போனேன். இப்பல்லாம் காலையில அவரே கேட்ட திறந்து, 'வாடா ராக்கி, மெதுவா, மெதுவா'ன்னு போஸ்ட் வரைக்கும் கூடவே நடக்குறாரு."

"பரவால்லயே, ராசியாயிட்டீங்க!"

"ராக்கிகூடத்தான் லா. கயித்தப் பிடிச்சிட்டு நிக்கிற என்னை இன்னும் திரும்பிக்கூடப் பார்க்கல."