கோட்டுக்கு ஒரு சாண் முன்னால

இல்லீங்கக்கா, அது சின்னப் புள்ளைங்க வெளையாடற சாமான் இல்ல. நானும் மொதல்ல அப்பிடித்தான் நெனைச்சேன். எங்க நாத்தனா வூட்டுக்காரரு சிங்கப்பூர்லேர்ந்து அவுரு புள்ளைக்குன்னு வாங்கியாந்த காரு ரேஸு பெட்டி. எப்பிடி ஓடுதுன்னு காட்டறேன்டான்னு எங்க வூட்டுக்காரரு ஒக்காந்தாரு. ஒக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல. அந்தப் புள்ளைக்கு இப்ப மீசை மொளைச்சிடுச்சி, இன்னும் அவன் கையில குடுக்கல.

இப்பிடி இந்தாண்ட நவுந்துக்கோங்க, அந்த ஜன்னல்ல வெயிலு அடிக்குது. நானும் கடலூருதான். ஒரு வேலையா போறேன். சொல்றேன், இருங்க.

எப்பிடி ஓடுமா? கருப்பு பிளாஸ்டிக்குல ரோடு மாதிரி துண்டு துண்டா இருக்கும்ங்க. அதையெல்லாம் சேத்து மாட்டினா வளைஞ்சி வளைஞ்சி ஒரு சுத்து வரும். ரோட்டுக்கு நடுவுல கத்தியால கீறினாப்ல பள்ளம். காருக்கு அடியில ஒரு ஊசி இருக்குது, அது பள்ளத்துல எறங்கி நிக்கும். கரண்டும் அங்கியே வரும். கையில துப்பாக்கி மாதிரி ஒரு பிடி. அமுக்கினா ஓடும், வுட்டா நிக்கும். ஸ்டேரிங்கு கெடையாது, பிரேக்கு கெடையாது. வளைவுல ஜாஸ்தி அமுக்கினா பறந்து போயி எங்கனா வுழும். அவ்ளோதாங்க்கா. இதுக்கு ஒரு மன்றம், தலைவரு, செயலாளரு, வாசல்ல போர்டு.

தலைவரு எங்க வூட்டுக்காரருதான். கள்ளக்குறிச்சில பூமாலை சவுண்டு சர்வீஸுன்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும். சாமியானா, நாக்காலி, மைக்கு செட்டு வாடகைக்கு வுடறோம். கல்யாண டேபிளு எல்லாம் குடோன்லதான கெடக்குது, அதையெல்லாம் சேத்துப் போட்டு மேல ரோட்டை மாட்டிட்டாரு. கல்யாணத்துக்கு டேபிளு கேட்டு வந்தவங்களாண்ட இல்லன்னு சொன்ன ஒரே வாடகைக் கடைக்காரரு இவருதான். பொங்கலுக்கு ஆரம்பிச்சி மாசம் ரெண்டு வாட்டி போட்டி. ஆவணி கடைசில ஃபைனலு.

நானா? ஓட்டிப் பாத்திருக்கேன். மொத வளைவுலயே கார் பறந்து என் கொண்டையில மாட்டிக்கிச்சி. அதோட என்னை டீ போட வுட்டுட்டாங்க.

இந்த வருஷம் ஃபைனலுக்கு வந்தது ரெண்டு பேரு. ஒண்ணு இவுரு. இன்னொண்ணு ராஜாங்கம் அண்ணன். கரண்டு ஆபீஸ்ல லைன்மேன். எங்க வூட்டுக்காரருக்கு அண்ணன் தம்பி இல்லீங்க, அந்தக் கொறையை ராஜாங்கம் அண்ணன் வெச்சதே இல்ல. அவுங்க வேற சாதி ஆளுங்கதான். ஆனா எங்க வூட்டுக் கொழம்புல உப்பு கம்மின்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்ற ஒரே ஆளு அவுருதான். மூணு வருஷமா அண்ணன் ரெண்டாவதாவே வந்துக்கினு இருந்தாரு. இந்த வாட்டி வுடமாட்டேன்னு கார் சக்கரத்தை ராவு ராவுன்னு ராவுனாரு, உப்புத்தாள் வெச்சி.

ஃபைனலு தேதி குறிச்சாச்சி. பாத்தா அன்னிக்குத்தான் மறியலு ஆரம்பிக்குது. ஆமாங்க, எங்க சாதிக்கு இருவது பர்சென்ட்டு எட ஒதுக்கீடு கேட்டு ரோட்டுல மரத்தை வெட்டிப் போட்டாங்களே, அதேதான். எங்க ஊரு பக்கம் அதுக்கு யாரு தலைவருன்னீங்க? இவருதான். பேசத் தெரியும்னு போடலீங்க. மைக்கு இவருதுன்னு போட்டாங்க.

காலையில வெள்ளை வேட்டி கட்டிக்கினு போனாரு. திருக்கோவிலூரு ரோட்டுல நல்ல பெரிய புளியமரம். நாலு பேரு ரம்பத்தைப் போட்டு அறுக்கறாங்க, இவுரு மைக்குல அந்தாண்ட தள்ளு, இந்தாண்ட தள்ளுன்னு சொல்லிக்கினே இருக்காரு. மரம் ரெண்டு பக்கமும் வுழாம நேரா கரண்டு கம்பி மேல வுழுந்துச்சி. ஊரு பூரா கரண்டு போச்சி. ஃபைனலுக்கும் சேத்து.

அதோட வுட்டுச்சா? திருக்கோவிலூருல ஆர்டரு குடுத்த கப்பு, வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்குமாம், அது அன்னிக்கு பஸ்ஸுல வந்துக்கினு இருந்துச்சி. மரத்துக்கு அந்தாண்ட வந்து பஸ்ஸு நின்னுடுச்சி. இவுரு மரத்து மேல ஏறி நின்னுக்கினு, டிரைவரு, பஸ்ஸைத் திருப்புன்னு கோஷம் போட்டிருக்காரு. அந்த ஆளும் திருப்பிக்கினு போய்ட்டாரு. கப்பு அதுக்குள்ள இருக்குதுன்னு அப்பறந்தான் இவருக்கு ஞாபகம் வந்துச்சாம். கொடியைப் புடிச்சிக்கினு பஸ்ஸு பின்னாலியே ஓடினாரு. பாத்தவங்கல்லாம் வீராவேசமா தொரத்தறாருன்னு கை தட்டினாங்க.

சிரிங்க, சிரிங்க. எனக்கும் சிரிப்புதான்.

பொழுது சாயற நேரம் குடோன்ல எல்லாரும் கூடிட்டாங்க. கரண்டு இல்ல. ராஜாங்கம் அண்ணன் கையைக் கட்டிக்கினு நிக்கறாரு. ஏன்டா பூமாலை, நீ வெட்டிப் போட்ட மரத்துக்கு நான் போயி கம்பி கட்டணுமா, போனா உன் ஆளுங்களே வுடமாட்றானுங்கடான்னாரு. இவுரு சொல்றாரு, அது கோரிக்கை, இது ஃபைனலு, ரெண்டையும் கொழப்பாதன்னு. ஒரு நாழி நல்லா சண்டை. அப்பறம் வேடியப்பன்தான் வழி சொன்னான். மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு லோடு அடிக்கறவன். அவன் டிராக்டரு பேட்டரியைக் கழட்டியாந்து வயரைக் குடுத்தாங்க. அக்கா, அந்தக் காருங்க ஓடின ஓட்டம் இருக்குதே! கரண்டுல கூட அப்பிடி ஓடினதில்ல.

கப்புக்குப் பதிலு கல்வராயன் மலைத்தேன் ஒரு பாட்டிலு வெச்சாங்க. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். ரெண்டு காரும் கௌம்பிச்சி. ஒரு சுத்து இவுரு முன்னால, ஒரு சுத்து அண்ணன் முன்னால. நாப்பது சுத்து ஓடணும். ஜனமெல்லாம் நாக்காலி மேல ஏறி நின்னு கத்துது. நானும் டீ கரண்டியோட நின்னுக்கினு இருந்தேன்.

பாதி ஓட்டத்துல முனியன் ஏட்டு உள்ள வராரு. கூட ரெண்டு போலீஸு. பூமாலை, எந்திரி, ஸ்டேஷனுக்கு வா, மேல உத்தரவுன்னாரு. இவுரு கண்ணை எடுக்கல. ஏட்டய்யா, ஃபைனலு ஓடுது, முடிஞ்சதும் வரேன்னாரு. ஏட்டு ஒரு பார்வை பாத்தாரு. அந்தாளுக்கும் இன்னாடா இதுன்னு ஒரு ஆசை. சரி, முடிச்சிட்டு வா, நான் நிக்கறேன்னு தொப்பியைக் கழட்டிட்டு ஒரு நாக்காலியை இழுத்துப் போட்டுக்கினாரு.

இப்பத்தாங்க்கா வேடிக்கை. முடிஞ்சாத்தான கைது? இவுரு வெரலை லேசாக்கிட்டாரு. காரு எறும்பு மாதிரி போவுது. சரி, அண்ணன் முந்திக்கினு போயி ஜெயிச்சிடலாம் இல்ல? மூணு வருஷமா காத்துக்கினு இருந்த ஆளு. அவுரு ஒரு வாட்டி ஏட்டைப் பாத்தாரு, ஒரு வாட்டி இவுரைப் பாத்தாரு. அவுரும் வெரலை லேசாக்கிட்டாரு.

ரெண்டு காரும் நவுருது. நவுருதா நிக்குதான்னே தெரியல. ஜனம் கத்தறதை நிறுத்திட்டு குனிஞ்சி பாக்குது. ஒருத்தரு முன்னால போய்ட்டா இன்னொருத்தருக்காக நிக்கறாங்க. நீ போடான்றாரு இவுரு. நீ மொதல்ல போன்றாரு அவுரு. கல்யாண வூட்டுல சாப்புட ஒக்கார வெக்கறாப்ல. நான் ரெண்டு வாட்டி டீ போட்டேன். ஏட்டு ரெண்டு வாட்டியும் குடிச்சாரு. கூட வந்த போலீஸ்ல ஒருத்தரு தூங்கிட்டாரு.

கடைசி சுத்துல ஏட்டுக்குப் பொறுமை போயிடுச்சி. இப்பிடியாய்யா காரு ஓட்டுவாங்கன்னு எந்திரிச்சி வந்து இவுரு கையில இருந்த பிடியைப் புடுங்கி, ஒரே அமுக்கு. காரு சர்ருன்னு கௌம்பி, வளைவுல பறந்து, வேடியப்பன் தலைக்கு மேல போயி, என் டீ குண்டானுக்குள்ள பொளக்குன்னு வுழுந்துச்சி. ஏட்டு கையில பிடியோட அப்பிடியே நிக்கறாரு. டீ பூரா அவுரு சட்டையில.

அப்பறம் இன்னாவா? ராஜாங்கம் அண்ணன் ஒருத்தரு காருதான ரோட்டுல இருக்குது. போயிக் கோட்டைத் தாண்ட வேண்டியதுதான். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால நிறுத்திட்டாரு. பிடியைக் கீழ வெச்சிட்டு, அவன் திரும்பி வரட்டும், அப்பறம் ஓட்டிக்கலாம்னாரு. இவுரு வேட்டியை மடிச்சிக் கட்டிக்கினு ஏட்டு கூட நடந்துட்டாரு.

ஆமாங்க, கடலூரு ஜெயில்லதான் இருக்காரு. இன்னும் வுடல. அவுரைப் பாக்கத்தான் போறேன். ஐயோ, நீங்க ஏன் மூஞ்சியை அப்பிடி வெச்சிக்கினீங்க? நல்லாத்தான் இருக்காரு. போன வாட்டி பாத்தப்போ ஒடம்பு கூட கொஞ்சம் சதை போட்டிருந்துச்சி. அதெல்லாம் ஒண்ணும் இல்ல.

இன்னா ஒண்ணு, ராஜாங்கம் அண்ணனைப் பாக்கமாட்டேன்னுட்டாரு. அண்ணன் லீவு போட்டுட்டு, பிஸ்கெட்டு பழமெல்லாம் வாங்கிக்கினு போயிருக்காரு. உள்ளேர்ந்து சொல்லி அனுப்பறாரு, காட்டிக் குடுத்தவன் மூஞ்சியில நான் முழிக்கமாட்டேன்னு. நான் அங்க இருக்கறது போலீஸுக்கு எப்பிடித் தெரியும், வெளியாளு அங்க அவன் ஒருத்தன்தானன்னு. வெளியாளாம்! அண்ணன் அந்தப் பழத்தோட அப்பிடியே திரும்பி வந்து எங்க வாசல்ல ஒக்காந்து அழுவறாரு. அவ்ளோ பெரிய ஆம்பள. கம்பத்து மேல ஏறி ஆயிரம் பேரு வூட்டுக்கு வெளக்கு போடற ஆளு.

ஃபைனலுக்கு மறுநா விடியக்காலையில அந்த மரத்தாண்ட போலீஸு சுட்டாங்களே, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க. நாளைக்கு மொத வரிசையில மைக்கோட நான்தான் நிக்கப் போறேன்னு ஃபைனலு அன்னிக்கு மத்தியானமே சாப்புடறப்போ சொன்னாருக்கா. வெளியூருலேர்ந்து வேன் வேனா போலீஸு வந்து எறங்கினதை நான் கண்ணால பாத்தேன். துப்பாக்கியோட. அவுங்களுக்கு இவுரு யாருன்னு தெரியுமா, முனியன் ஏட்டு மாதிரி தொப்பியைக் கழட்டி வெச்சிட்டு நாக்காலி போட்டு ஒக்காருவாங்களா?

அதான் நான் ஏட்டு வூட்டம்மாவாண்ட போயி, ராத்திரிக்கு குடோன்லதான் இருப்பாரு, வந்து கூப்புட்டுக்கினு போயிடச் சொல்லுங்கன்னு சொன்னேன். ஃபைனலு முடிஞ்சப்பறம் வரச் சொல்லுங்கன்னுதான் சொன்னேன், அந்தாளு முன்னாலியே வந்துட்டாரு.

இன்னிக்கு அவுராண்ட இதைச் சொல்லணும். வாயில வருதான்னு உங்களாண்ட சொல்லிப் பாத்தேன். வந்துடுச்சி இல்ல?

வரேங்க்கா. கண்டக்டரு, ஜெயிலாண்ட ஒரு எறக்கம்!