கார்டில் பதிவான மூச்சு

பெயர் கோபால்சாமி, வயது 47, தகப்பனார் பெயர் ராஜாக்கண்ணு. புதூர்நாட்டுப் பக்கம் மலைக் கிராமத்தில் சொந்த வீட்டில் குடியிருந்து, மலைக்கும் திருப்பத்தூருக்கும் ஜீப் ஓட்டி வருகிறேன். எழுதப் படிக்கத் தெரியும். சென்ற செவ்வாய்க்கிழமை இறந்துபோன அம்சவல்லி, வயது 41, என் மனைவி. எங்களுக்குக் குழந்தை இல்லை. பழுதான மெஷினைக் கொடுத்து அக்காவைக் கொன்றுவிட்டதாக திருப்பத்தூர் ஆஸ்பத்திரி நர்ஸ் மஞ்சுளா மேல் என் மைத்துனன் நவீன்குமார் மனு கொடுத்திருப்பதை அறிந்து, யாரும் கூப்பிடாமல் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்வது என்னவென்றால்,

என் மனைவிக்கு ஆறு வருடமாகத் தசைகள் பலம் குறைந்துகொண்டே போகும் நோய் இருந்தது. முதலில் படி ஏற முடியவில்லை, அதன் பிறகு கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை, அதன் பிறகு பேசும்போதே மூச்சு வாங்கியது. மூச்சு இழுக்கிற தசையும் தளர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். தை மாதம் ஒரு தொண்டு நிறுவனத்தார் காற்றை உள்ளே தள்ளும் மெஷின் ஒன்றை இரவல் கொடுத்தார்கள். அதன் மாஸ்க்கை மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். எத்தனை மணி நேரம் மாட்டினார், மூச்சுக்கு எவ்வளவு காற்று போனது என்பதெல்லாம் அதில் செருகிய சின்னக் கார்டில் பதிவாகும். நாளுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறைந்தால் மெஷினை வாங்கி, வரிசையில் இருக்கும் வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவார்கள். ஜீப்பில் வளைவு இறங்கினால் அம்சவல்லிக்கு வாந்தியும் மயக்கமும் வரும் என்பதால், மாதம் ஒரு முறை கார்டை மட்டும் நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸ் மஞ்சுளாவிடம் காட்டி வந்தேன்.

மாசி மாதம் கார்டில் நாளுக்கு ஒன்றரை மணி நேரம்தான் வந்திருந்தது. மாஸ்க் அழுத்தி அம்சவல்லியின் மூக்குத்தண்டில் புண் ஆகியிருந்தது. அதைச் சொல்லியிருந்தால் வேறு அளவில் மாஸ்க் கொடுத்திருப்பார்கள். குறை சொன்னால் மெஷினைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். “அண்ணா, அடுத்த மாசமும் இப்டியே இருந்தா மெஷினை எடுத்துக்குவாங்க, அப்பறம் நானு இன்னா பண்றது” என்று நர்ஸ் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. உடம்பு முடியாதவளுக்குக் கணக்கு ஒரு கேடா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு, புண் ஆறும் வரைக்கும் என்று நினைத்து, காலை டிரிப் முடிந்து வந்ததும் மாஸ்க்கை நானே மாட்டிக்கொண்டு அவள் கட்டில் பக்கத்தில் படுத்துத் தூங்க ஆரம்பித்தேன். அம்சவல்லிக்கு ஒரே சிரிப்பு. “ஆனை தும்பிக்கை மாதிரி கீது மாமா. எனக்கும் சேர்த்து நீயே இழு” என்றாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்ததால் எனக்கு அதுவும் சந்தோஷமாகவே இருந்தது. புண் ஆறிய பிறகும் அவளை நான் வற்புறுத்தவில்லை.

பங்குனியில் கார்டைப் பார்த்து, “அக்கா சூப்பரா போட்றாங்கண்ணா, ஆறு மணி நேரம் வந்துகீது” என்றார் நர்ஸ். மூச்சு நன்றாக உள்ளே போகிறது, இவ்வளவு அழுத்தம் தேவையில்லை என்று டாக்டரும் சொல்லி, காற்றின் அளவைக் குறைத்து அந்தக் கார்டிலேயே ஏற்றிக் கொடுத்தார்கள். கார்டைச் செருகியதும் மெஷின் அந்த அளவுக்கு மாறிக்கொண்டது. சித்திரையிலும் அதே மாதிரி குறைத்தார்கள். அக்காவை ஒரு தடவை கூட்டி வாருங்கள் என்று நர்ஸ் இரண்டு முறையும் சொன்னார். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். போட்டது நான்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அம்சவல்லி தலைவலி தாங்காமல், “முடியல மாமா, இன்னிக்கி நானே போட்டுக்கறேன்” என்று அவளாகக் கேட்டாள். மாட்டி விட்டேன். கொஞ்ச நேரத்தில் கழற்றச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். கழற்றியதும், “காத்து பத்தல மாமா. உனுக்கு வந்துச்சே, எனக்கு வர்லியே” என்றாள். வார் தளர்ந்திருக்கும் என்று இறுக்கி மறுபடியும் மாட்டினேன். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. அது பலமாக இழுக்கும் என் நெஞ்சுக்குக் குறைத்து வைத்த காற்று. போனில் சிக்னல் இல்லை. அவளைத் தூக்கி ஜீப்பில் கிடத்திக்கொண்டு இறங்கினேன். பாதி மலை இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது.

மெஷினில் பழுது இல்லை. நர்ஸ் மேலும் டாக்டர் மேலும் தவறு இல்லை. கார்டு சொன்னதை அவர்கள் நம்பினார்கள். அதில் இருப்பது முழுக்க என் மூச்சு. இதை ஏன் அன்றே சொல்லவில்லை என்று அய்யா கேட்டதற்குச் சொல்கிறேன். மறுநாள் சாவுக்கு வந்த மஞ்சுளா, “ஒரு நாளு கூட வுடாம போட வெச்சீங்களேண்ணா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ சொல்லவில்லை.

(ஒப்பம்) ரா. கோபால்சாமி