பாக்கெட்டில் கிடந்த பின்

— இது உன் ஜம்ப் சூட் பாக்கெட்டுக்குள்ள எப்படிடா வந்துச்சு?

— எது, அக்கா?

— இந்தப் பின். தொடைப் பக்கம் கிழிஞ்சிருக்குன்னு தைக்கக் குடுத்தியே, அதை மெஷின்ல வெச்சு ஓட்டறேன், டக்குனு தையல் ஊசி உடைஞ்சு போச்சு. என்னடான்னு கையை விட்டா இது.

— அட, அதுவா. இங்க உன் ரூம்லதான் கீழ கெடந்துச்சு. யார் காலுலயாவது குத்தப் போகுதேன்னு எடுத்துப் போட்டுக்கிட்டேன். குடுக்க மறந்து போச்சு.

— எப்ப?

— யாருக்குக்கா ஞாபகம் இருக்கு. மூணு மாசம் இருக்குமா? நீ சூட்டைத் தை. நாளைக்கு நான் மேல போகணும்.

— என் பெட்டியில மொத்தம் அஞ்சு பின். தெனம் எண்ணிட்டுத்தான் பூட்டறேன். இந்தா, நீயே எண்ணு. அஞ்சும் இருக்கு.

— அப்ப வேற யாரோடதாவது இருக்கும். விடுக்கா, ஒரு பின்னுக்குப் போயி.

— ஒரு பின்னா? பத்தொம்பது வருஷமா ஊருக்கெல்லாம் பிளேன்ல இருந்து குதிக்கச் சொல்லிக் குடுக்கறவன் பேசற பேச்சா இது? மெயின் பாராசூட் தொறக்கலைன்னா கை குடுக்கற ரிசர்வ் பாராசூட்டை மடிச்சுப் பையை மூடறப்ப கொஞ்ச நேரம் தாங்கறதுக்குக் குத்தி வைக்கறது. மூடி முடிச்சதும் உருவிடணும். உருவலைன்னா ஹேண்டிலைப் பிடிச்சு நீ தொங்கினாலும் பை தொறக்காது. மறக்கக் கூடாதுன்னுதான் சிவப்பு ரிப்பன் கட்டறோம். இதுல ரிப்பன் பாதியில அறுந்து போயிருக்கு.

— சரிக்கா. தெரிஞ்ச பாடம்தானே.

— என் மூஞ்சியைப் பார்த்துப் பேசு. மூணு மாசம் முன்னாடி உன் ரிசர்வைத் தொறந்து போட்டபடி தூக்கிட்டு வந்தியே. வேன் கதவுல ஹேண்டில் மாட்டிக்கிச்சு, தானா தொறந்துடுச்சுன்னு சொன்ன.

— ஆமா. மாட்டிக்கிச்சு.

— அதுவும் நீ ரொம்பத் தாழ வந்து மெயினைத் திறந்த அதே நாள். அதே மத்தியானம்.

— மெஷின் சூடாயிடுச்சு போல, வாடை வருது பாரு.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு. எனக்குக் கால் வலிக்குது, நின்னுக்கிட்டே உன்கிட்ட மல்லுக்கட்டத் தெம்பு இல்ல.

— உக்காருக்கா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு முதல்ல.

— உக்காந்துட்டேன். சொல்லு.

— மூவாயிரத்து ஐந்நூறு அடியில மெயின் கைப்பிடியை இழுத்தேன். வரல. பைக்குள்ள நல்லா சிக்கிக்கிச்சு. ரெண்டாந்தரமும் வரல. மூணாவது இழுக்காதே, ரிசர்வுக்குப் போன்னு நானே தொண்டை கிழியச் சொல்லிக் குடுத்திருக்கேன். போனேன். ரிசர்வ் ஹேண்டில் கையோட வந்துச்சு. முதுகுல ஒண்ணும் நடக்கல.

— ரொம்பத் தாழ வந்தா பைக் கயித்தைத் தானா வெட்டி ரிசர்வைத் தொறந்து விடற கருவி என்னாச்சு?

— அது சர்வீஸுக்குப் போயிருந்துச்சு. அது இல்லாமக் குதிச்சது என் கொழுப்பு. அப்புறம் என்ன, திரும்ப மெயின்ல ரெண்டு கையையும் போட்டு, மாட்டை இழுக்கற மாதிரி இழுத்தேன். தொறந்து நிமிர்ந்து உயரத்தைப் பார்த்தா தொள்ளாயிரம் அடி. கீழ வந்து ஷெட்டுக்குப் பின்னாடி போயி மூடியைத் தூக்கிப் பார்க்கறேன், இது ஜம்முனு உக்காந்திருக்கு. உருவினேன், பை வெடிச்சுத் தொறந்துச்சு.

— கேமராவையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன், உயரத்தைக் கவனிக்கலைன்னு எழுதிக் குடுத்தியேடா.

— பின்ன என்னத்தை எழுதறது?

— ரெண்டு மாசம் தடை போட்டாங்க. தலைமைப் பொறுப்பைப் புடுங்கி, நேத்து வந்தவன்கிட்ட குடுத்தாங்க. தண்ணியைப் போட்டுட்டு ஏறினியான்னு நான் எல்லார் முன்னாடியும் கேட்டேன்.

— கேட்ட. ஊதிக்கூடக் காட்டினேன்.

— மூணு வாரம் உன்கிட்ட பேசல.

— அது நல்லாதான் இருந்துச்சு. காதுக்குக் கொஞ்சம் ஓய்வு.

— விளையாடாதே. ஏன் சொல்லல?

— அந்த ரிசர்வை மடிச்சது யாருன்னு எழுதற கார்டுல இருந்தது உன் கையெழுத்துக்கா. சொன்னா அன்னைக்கே உன் லைசென்ஸ் போயிருக்கும். காய்ச்சல்ல கெடந்தவ, சனிக்கிழமை எனக்கு வேணும்னு நான் நச்சரிச்சதுக்காக எந்திரிச்சு மடிச்சுக் குடுத்திருக்க. உன் மேல போயி எப்படிப் புகார் எழுத? முப்பது வருஷத்துல ஒரு தப்பு.

— உனக்குச் சரி. மத்தவங்க உயிரு?

— அவ்வளவு கெட்டவனா நான்? மறுநாளே ஷெல்ஃப்ல இருந்த இருபத்திரெண்டு ரிசர்வையும் ஒண்ணொண்ணா மூடியைத் தூக்கிப் பார்த்துட்டேன். எதுலயும் இல்ல. ஒருவாட்டி நீ அசந்துட்ட, இனிமே நடக்காதுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். நீ அழாதே. இதுக்குத்தான் சொல்லல.

— நான் அழல. ஆயாசமா இருக்கு. தம்பி, அதை நான் மடிக்கல.

— என்னக்கா சொல்ற?

— அன்னைக்கு என்னால தலையணையில இருந்து தலையைத் தூக்க முடியல. மடிச்சது உங்க மாமா, அவரோட பழைய பின்னை வெச்சு. கார்டைப் படுக்கைக்கே கொண்டுவந்து நீட்டினாரு, கையெழுத்தை மட்டும் நான் போட்டேன்.

— மாமாவா? கண்ணு சரியில்லைன்னுதானே அவர் லைசென்ஸைத் திருப்பிக் குடுத்தாரு?

— கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. மறதி. டாக்டர் போன வருஷமே அதுக்கு ஒரு பேரைச் சொல்லி, இது ஏறிக்கிட்டேதான் போகும்னுட்டாரு. நான்தான் கண்ணுன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன்.

— என்கிட்டக்கூடவா?

— உன்கிட்டயும்தான். நீ மட்டும் என்ன, என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டியா? வீட்டுல சும்மா உக்கார வெச்சா சுவரையே பார்த்துக்கிட்டு இருக்காரு. இங்க கூட்டிட்டு வந்து மேசை மேல துணியை விரிச்சா, பழைய மனுஷன் ஆயிடறாரு. காலையில என்ன சாப்பிட்டோம்னு தெரியாது, ஆனா மடிப்புல ஒரு சுருக்கம் வராது. முதல்ல பக்கத்துலயே நின்னு பார்த்தேன். அப்புறம் எதிர்ல உக்காந்து பார்த்தேன். அப்புறம் பார்க்கறதையே விட்டுட்டேன். புத்திதான் மறக்குது, கை மறக்கலைன்னு நம்பிட்டேன்டா. நீ அன்னைக்கு இந்தப் பின்னைக் கொண்டுவந்து என் முன்னாடி போட்டிருந்தா அவர் கையை நம்பியிருக்க மாட்டேன்.

— அக்கா. போன வாரம் உன் பெரிய பொண்ணுக்குப் பிரசவம்னு நீ நாலு நாள் இங்க இல்லையே.

— இல்ல.

— இங்க வேலையை யார் பார்த்தது?

— அவர்தான். நான் வரும்போது நாலு ரிசர்வ் மடிச்சு, துடைச்ச மாதிரி வரிசையா வெச்சிருந்தாரு. எனக்கு நாலு நாளாத் தூக்கம் இல்ல. ஒண்ணையும் தொறந்து பார்க்கல. வந்த அன்னைக்குக் காலையிலயே நாலு கார்டுலயும் கையெழுத்துப் போட்டேன்.

— அந்த நாலும் இப்ப எங்க இருக்கு?

— ரெண்டு உனக்குப் பின்னாடி ஷெல்ஃப்ல. ரெண்டு இப்பக் கிளம்பின பிளேன்ல. ரேடியோவை எடுடா, கதவைத் திறக்காமத் திரும்பி வரச் சொல்லு.