ரெண்டு பேர் கூடுதல்

எண்பத்தொன்றில், ஜனத்தொகைக் கணக்கெடுப்பு முடிந்த சமயம். தில்லி ஆர்.கே.புரத்திலிருந்து கிளம்பிய பஸ்ஸில் நின்றவர்கள் மட்டும் முப்பத்தொரு பேர். பிரேக் பிடிக்குமா என்று எனக்குக் கவலை. முன்சீட்டில் இரண்டு தமிழ் குமாஸ்தாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் திடீரென்று சொன்னார்:

"நாட்டு ஜனத்தொகை என்னால ரெண்டு கூடிப்போச்சு சார்."

"இரட்டைக் குழந்தையா? சொல்லவே இல்லையே!"

"ஒண்ணுதான் சார். தலைப்பிரசவத்துக்குப் போன சம்சாரம் இன்னும் கும்பகோணத்துலதான் இருக்கா. இங்க கணக்கெடுக்க வந்தவர்கிட்ட எங்க வீட்ல மூணு பேர்னு சொல்லிட்டேன். அங்க மாமனாரும் அவளையும் குழந்தையையும் அவர் வீட்டுக் கணக்குல எழுதிட்டார்."

"அச்சா! ஒரே ஆளை ரெண்டு இடத்துல எண்ணக் கூடாதுன்னு சர்க்குலர் வந்துதே?"

"அதை டைப் அடிச்சதே நான்தான் சார்."

பெரியவர் சிரித்து முடிப்பதற்குள் இரண்டு ஸ்டாப் போய்விட்டது.

"மாமனார் கணக்குல அவங்க பேரை அடிச்சிடச் சொல்லி எழுதுய்யா."

"எழுதினேன். 'என் பொண்ணு பேரை என் வீட்லேர்ந்தே அடிக்கணுமா மாப்பிள்ளை? மூணாம் மாசம் கொண்டுவந்து விடறதா இருந்தேன். இனிமே அஞ்சாம் மாசம் பாக்கலாம்'னு பதில் போட்டிருக்கார்."

"அப்போ உன் பக்கம் அடிச்சிடு."

"அதையும் அவளுக்கு எழுதினேன். 'உங்க வீட்ல நாங்க இல்லையா'ன்னு கேக்கறா."

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாட்டுக்கு ரெண்டு பேர் கூடுதல் சார். எங்க வீட்லதான் ரெண்டு பேர் குறையுது. குழந்தை முகத்தைக்கூட நான் இன்னும் பாக்கலை."

"ராத்திரி சாப்பிட எங்க வீட்டுக்கு வந்துடு," என்றார் பெரியவர். "ஆனா எங்க கணக்குல உன்னைச் சேத்துக்க மாட்டேன்."