சக்கரத்துக்குப் பின்னால் இருந்த பேட்டரி

இரவு இரண்டே முக்கால். ஏரியை ஒட்டிப் போகும் பழைய சாலை. புதுச் சாலை போட்ட பிறகு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. தெருவிளக்கு கிடையாது. தவளைச் சத்தம் மட்டும்...

இது என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. கார் மெக்கானிக். வழியில் நின்றுபோன வண்டிகளைத் தேடிப் போய்ப் பார்ப்பவர். அன்றைக்கு மட்டும் நான்கு வண்டி முடித்திருந்தார். இடுப்பு கழன்றுவிடும்போல இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் போன் வந்தது.

"பேட்டரி போயிடுச்சுங்க... வீட்டுக்குப் போகணும்."

கரகரத்த ஆண் குரல். முடியாது என்று சொல்லக்கூட இவருக்குத் தெம்பில்லை. வேனைத் திருப்பினார்.

வண்டியைப் பார்த்ததும் இருந்த கொஞ்ச உயிரும் போனது. அந்த மாடலில் பேட்டரி பானெட்டுக்குள் இருக்காது. முன் சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டுக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் மறைப்பைப் பிரித்து... ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். "எந்தப் புண்ணியவான்டா இதை இங்க வச்சது" என்று முனகிக்கொண்டே இறங்கினார்.

காருக்குள் விளக்கு எரிந்தது. முன்னால் வயதான ஒருவர். பின் சீட்டில் ஒரு அம்மா, கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி. ஜன்னல் இரண்டு விரல் அளவுக்குத் திறந்திருந்தது.

வேனில் இரண்டு பேட்டரி இருந்தது. இரண்டையும் காட்டினார்.

"இது பழசைச் சரிபண்ணினது சார், மலிவு. எப்ப காலை வாரும்னு சொல்ல முடியாது. இது புதுசு. தேதியைப் பாருங்க, போன மாசம்தான் தயாராகியிருக்கு. மூணு வருஷ வாரண்டி. இவ்வளவு கஷ்டப்பட்டுக் கழட்டுற இடத்துல பழசைப் போட்டா, நாளைக்கே மறுபடியும் கழட்டணும்."

"நம்பிக்கையானதா போடுங்க தம்பி. ரொம்ப நாளா இங்கயே நிக்கிறோம். இவளால முடியல."

ரொம்ப நேரமா என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

நட்டு ஒவ்வொன்றும் துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதித்தார். கிரீச்... கிரீச்... சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார். மறைப்பைப் பிரித்ததும் குப்பென்று ஒரு நாற்றம். ஏரியின் அடிச்சேறு நாறுமே, அது.

டார்ச்சை உள்ளே அடித்தார்.

பேட்டரி இருக்க வேண்டிய தட்டில் பேட்டரி இல்லை. காய்ந்த சேறு. நத்தை ஓடுகள். இரண்டு ஒயர்களும் முனையில் பச்சைப் பொடி பூத்துத் தொங்கிக்கொண்டிருந்தன.

தலைக்கு மேலே காரின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

எழுந்து ஓடியிருக்கலாம். "கால் வரலடா மச்சான்" என்று பிறகு என் நண்பனிடம் சொன்னாராம். பயத்தினால் மட்டும் இல்லை... அவ்வளவு அசதி. கை தன்பாட்டுக்கு வேலையைச் செய்தது. பச்சையைச் சுரண்டியது. புது பேட்டரியைத் தட்டில் உட்கார வைத்தது. முதலில் சிவப்பு ஒயர். அப்புறம் கறுப்பு. கடைசித் திருகு இறுகியது.

டக்.

விளக்கு அணைந்தது.

தவளைகளும் நின்றன. ஜன்னல் இடுக்கிலிருந்து, காதுக்குப் பக்கத்தில், அந்த அம்மாவின் குரல்.

"ஆச்சா?"

அப்போதுதான் கால் வந்தது. ஜாக்கி, ஸ்பானர், எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வேனில் ஏறியவர், பெட்ரோல் பங்க் விளக்கடியில்தான் நிறுத்தினார். விடியும் வரை இறங்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை.

வெயில் வந்ததும் தைரியம் கொஞ்சம் வந்தது. ஜாக்கியையாவது எடுக்கலாம் என்று திரும்பிப் போனார். கார் இல்லை. ஜாக்கி சாய்ந்து கிடந்தது. கழற்றிய சக்கரம் வைத்த இடத்திலேயே இருந்தது. அங்கிருந்து தார் ரோட்டில் வெள்ளையாக ஒரு கீறல்... மூன்று சக்கரத்தோடு வண்டி போயிருக்கிறது, ஒரு மூலை தரையைத் தேய்த்துக்கொண்டே.

கீறலின் பின்னாலேயே வேனை ஓட்டினார். ஏரி தாண்டியது. பங்க் வந்தது. இவர் விடிய விடிய விழித்திருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளிக் கீறல் போயிருந்தது. ஒரு சத்தம்கூட இவர் காதில் விழவில்லை. மார்க்கெட் முனையில் திரும்பியது. பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிப் போனது. இவர் தெருவுக்குள் நுழைந்தது.

இவர் வீட்டு கேட்டில் முடிந்தது. கார் இல்லை.

கதவைத் தட்டுவதற்குள் மனைவியே திறந்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா வாங்க. நீங்க அனுப்பி வச்ச பெரியவங்க ரெண்டு பேரும் இப்பதான் உள் ரூம்ல படுத்தாங்க. பாவம், அவ்வளவு களைப்பு..."

அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"நீங்களும் அசந்து போய்தான் வருவீங்களாம். நடுவுல உங்களுக்கு இடம் விட்டுப் படுத்திருக்காங்க."