மூண்டு ஞாயிறும் ஒரு மரக்கதவும்

...ஒரேயொரு மரக்கதவு, அண்ணை! அதைத் திறக்கேலாம மூண்டு ஞாயிறா மூண்டு பேர் வெளியில நிக்கினம் எண்டா ஆரும் நம்புவினமே? கொஞ்சம் யன்னல் பக்கம் தள்ளுங்கோ... ஆ, காணும் காணும். ஆரப்பா இந்தக் கருவாட்டுச் சாக்கை பஸ் நடைபாதையில வச்சது? ஏறேக்க தடக்குப்பட்டு அந்த மனுசீன்ர மடியில விழப் பாத்தனான். எனக்கு ஒண்டுதான் விழுந்திருக்கும்.

என்ன ஒண்டோ? ஐயோ, அது விளங்காதென்ன. விளையாட்டு அண்ணை, விளையாட்டு. மேசையைச் சுத்தி இருந்து கதை சொல்லி விளையாடுறது. கதையை நடத்துறது நான், பார்த்தீபன். மற்ற மூண்டு பேரும் கதைக்குள்ள வாற வீரர்கள். ஏதும் கஷ்டமான வேலை செய்யப் போனா இருவது பக்கத் தாயக்கட்டை ஒண்டை உருட்டோணும். பெரிய இலக்கம் விழுந்தா வேலை சரி. சின்னன் விழுந்தாப் பிழைச்சுது. இவ்வளவுதான்.

கஷ்டமான வேலைக்கு எண்டுதான் சட்டம். நான் எல்லாத்துக்கும் உருட்டச் சொன்னனான். படி ஏற உருட்டு. தேத்தண்ணி ஆத்த உருட்டு. றஞ்சிதா இருக்கிறாளே, முன்பள்ளி ரீச்சர், அவளின்ர வீராங்கனை பூதத்தையே அடிச்சு விழுத்தினவள். அடுத்த நிமிசம் தண்ணி அள்ளப் போனவள். உருட்டு எண்டன். ரெண்டு விழுந்துது. வாளியோட ஆள் கிணத்துக்குள்ள! நான் விழுந்து விழுந்து சிரிச்சன். அவள் சிரிக்கேல்லை.

அதை விடுங்கோ. இன்பாஸ் எண்டு ஒருத்தன், தலைமன்னார்ப் பெடியன், கடல் தொழில். ஞாயிறு கடலுக்குப் போறதில்லை, பூசை முடிச்சு ரெண்டு பஸ் மாறி வாறவன். கதையில ஒரு தோணியைக் கட்டோணும். கட்டுறன் எண்டான். முடிச்சுப் போட உருட்டு எண்டனான். ஒண்டு விழுந்துது. முடிச்சு அவிண்டு தோணி கடலோட போயிட்டுது எண்டன். "டேய், ஏழு வயசில இருந்து கயிறு கட்டுறன். என்ர முடிச்சு அவிண்டதை எவன்டா கண்டவன்?" எண்டான். கட்டை சொல்லுது, நான் என்ன செய்ய எண்டன். ஒரு கிழமை என்னோட கதைக்கேல்லை. சும்மா ஒரு கயிறு, அண்ணை! கட்டினாய், சரி, வா எண்டு விட்டிருந்தா எனக்கென்ன குறைஞ்சு போகும்? விசரன் நான்.

ஓம், கதவுக்கு வாறன். கோட்டைக்குள்ள ஒரு கதவு. இன்பாஸ் உதைஞ்சான், நாலு. றஞ்சிதா கொண்டை ஊசியால கிண்டினாள், மூண்டு. நசீறா, அவளின்ர வீட்டு விறாந்தையிலதான் நாங்கள் விளையாடுறது, அவள் மரியாதையா சலாம் சொல்லித் தட்டினாள். அதுக்கும் உருட்டு எண்டனான்! கொளுத்துவம் எண்டினம். ஈர மரம் எண்டன். சுவரை இடிப்பம் எண்டினம். கருங்கல் எண்டன். "திறக்காத கதவெண்டா ஏன்டா கதவு வச்சனீ? சுவரே வச்சிருக்கலாமே" எண்டு இன்பாஸ் கேட்டான். நியாயம்தானே?

இஞ்ச போனைப் பாருங்கோ, இன்பாஸ் காலமை மெசேஜ் அனுப்பியிருக்கிறான். "இண்டைக்குக் கதவு திறக்குமோ, இல்லாட்டி கரம் போட்டை எடுக்கவோ?" கரம் போட்டில காய் சுண்டி விளையாட நாலு பேர் வேணும். நசீறான்ர தம்பியோட நாலு சரி. எனக்கு இடமில்லை. பகிடி இல்லை அண்ணை, கிழமை முழுக்கப் போட்டோக்கொப்பிக் கடையில நிக்கிறன். இந்த மூண்டு பேரையும் விட்டா எனக்கு ஞாயிறு எண்டு ஒண்டே இல்லை.

என்ன கேட்டனீங்கள்?

...திறந்து விட்டா என்னவோ?

ம்.

ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. போன ஞாயிறு இன்பாசுக்குப் பதினெட்டு விழுந்தது. பதினெட்டு! மூண்டு பேரும் எழும்பி நிண்டு கத்தினவை. நான்... பத்தொம்பது வேணும் எண்டனான். ஏனெண்டா அந்தக் கதவுக்கு அங்கால ஒண்டுமில்லை அண்ணை. நான் எழுதேல்லை. நாளைக்கு எழுதுவம், நாளைக்கு எழுதுவம் எண்டு கிரிக்கெட் பாத்துக்கொண்டு கிடந்திட்டன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்ட கதைதான். கட்டையில பிழை சொல்லிச் சொல்லி அதுகளை வெயில்ல நிப்பாட்டி வச்சிருக்கிறன். வெக்கக்கேடு.

இண்டைக்கும் எழுதேல்லை. கொப்பி வெறுங்கொப்பி, பாருங்கோ. நீங்களாவது சொல்லுங்கோ, கதவுக்கு அங்கால என்ன இருக்கலாம்? எங்க எழும்புறீங்கள்? இறங்கிற இடம், அரிப்புச் சந்தி வந்திட்டுதோ? அண்ணை, ஒரு சொல்லு சொல்லிப்போட்டுப் போங்கோவன்! சாக்கு, சாக்கு, கவனம்...

தாண்டிட்டார். பையும் கையுமா ஒரு எட்டு வச்சார், தாண்டிட்டார், இறங்கிட்டார். உருட்டவும் இல்லை, ஒண்டுமில்லை.

...ஹலோ, இன்பாஸ்? கரம் போட்டை உள்ள வை. ஓமடா, கதவு திறந்துதான் கிடக்கு. இல்லை, உருட்டத் தேவையில்லை. முதல்லயே திறந்துதான் கிடந்தது, நான்தான் குறுக்கால நிண்டிருக்கிறன். உள்ள என்ன இருக்கோ? எனக்குத் தெரியாதடா. நீ முதல்ல உள்ள போய்ப் பாத்துச் சொல்லு.